மிதுலாவுக்கு எத்தனை வார்த்தை தெரியும்

மிதுலாவுக்கு இரண்டு வயது முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அரசாங்கக் கிளினிக்கில் இரண்டு வயதுப் பரிசோதனைக்குத் தேதி. இந்த மாதிரி வேலையெல்லாம் எப்போதும் விமலாதான் பார்த்துக்கொள்வாள். இந்த முறை புஞ்சாக் ஆலாம் ஃபேக்டரியில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஒரு நாளைக்குக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, அர்ஜுனன் மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

"நர்ஸ் மிஸ்ஸி கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. மூடி மறைக்காதீங்க," என்று வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே சொன்னாள் விமலா.

"நான் எதுக்கு மறைக்கிறேன்?"

"உங்களைத் தெரியாதா எனக்கு?"

ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள். அர்ஜுனன் மகளைப் பார்த்தான். அவள் மூக்கை ஒழுகவிட்டபடி, இடது கையால் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே சிணுங்கல்.

உள்ளது என்னவென்றால், மிதுலா இன்னும் பேசவில்லை. ஊமை இல்லை; சத்தமெல்லாம் நன்றாக வரும். ஆனால் 'அம்மா', 'அப்பா' தவிர வாயில் வருவது ஒன்றும் யாருக்கும் புரியாது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு "மோ, மோ" என்பாள், மாட்டுக் கன்று மாதிரி. "பானு, பானு" என்று யாரையோ ஓயாமல் கூப்பிடுவாள். அவர்கள் குடியிருக்கும் தாமான் வீடுகளில் பானு என்று யாரும் கிடையாது. "யாருங்க அந்த பானு?" என்று விமலா ஒரு நாள் சிரிக்காமல் கேட்டபோது அர்ஜுனனுக்கு வேர்த்துவிட்டது. சாமிக்கு நேர்ந்துகொண்டாயிற்று, நாக்கில் வசம்பு தடவியாயிற்று. பொங்கலுக்கு வந்த விமலாவின் அண்ணன், "எங்க பக்கத்து வீட்டுப் புள்ள ஒண்ணரை வயசுலயே தேவாரம் பாடுது, மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மூக்கைத் துடைக்கப் போனால் மட்டும் மிதுலா தெளிவாக "இருங்க" என்பாள். "பாருங்க, பொறுக்கச் சொல்றா! அதுவும் மரியாதையா," என்று விமலா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள்.

கிளினிக்கில் குழந்தைகள் பகுதி இரைச்சலாக இருந்தது. எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், தலையைச் சுற்றி நாடா போட்டு அளந்தார்கள். மூன்றிலும் மிதுலா கத்தினாள். அர்ஜுனன் சுற்றிலும் பார்த்தான், குழந்தையோடு வந்த ஒற்றை ஆண்பிள்ளை அவன்தான். நம்பர் வந்ததும் மூன்றாம் அறைக்குள் போனான்.

அங்கே இருந்த மிஸ்ஸியின் பெயர் ஜோலீன். கெர்லிங்கிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மேசை மேல் சிறிய மரக் கட்டைகள், ஒரு பொம்மை, படஅட்டைகள்.

"வாங்கண்ணே. அம்மா வரலையா?"

"வேலை மிஸ்ஸி. நான்தான் அப்பா."

"அதான் முகத்துலயே தெரியுதே," என்று சிரித்துவிட்டு ஜோலீன் கட்டைகளை முன்னால் தள்ளினாள். மிதுலா அழுகையை நிறுத்தி, ஆறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஏழாவதையும் வைத்தாள். அர்ஜுனனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பென்சிலைக் கொடுத்ததும் தாளில் நேர்க்கோடு போட்டாள். தாளோடு நிற்கவில்லை, மேசையிலும் போட்டாள்.

"கைவேலை எல்லாம் டாப்பா இருக்கு. சரி, பாப்பா, மூக்கு எங்க? மூக்கைக் காட்டு."

மிதுலா ஜன்னலைப் பார்த்தாள்.

"ஹிடுங் மானா?" என்று மலாயிலும் கேட்டாள் ஜோலீன். பதில் இல்லை. பூனைப் படத்தைக் காட்டினாள், தண்ணீர்க் குவளையைக் காட்டினாள். மிதுலா முகத்தைச் சுளித்துக் காதுப் பக்கம் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுல எத்தனை வார்த்தை பேசுறா அண்ணே?"

அர்ஜுனன் உத்தரத்தைப் பார்த்தான். "ஒரு... ஐம்பது இருக்கும்."

"ஐம்பதா?"

"முப்பது."

ஜோலீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. அதுதான் அவனை உடைத்தது.

"மூணு மிஸ்ஸி," என்றான் மெதுவாக. "அம்மா, அப்பா, இருங்க. என் மச்சான் வேற கண்டபடி பேசிட்டாரு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இதுல என்னண்ணே வெக்கம்? இதுக்குத்தானே நாங்க இருக்கோம். நீங்க சொல்றது அவளுக்கு விளங்குதா?"

"விளங்கும் மிஸ்ஸி. செருப்பை எடுத்துட்டு வான்னா ஓடிப்போய் எடுத்துட்டு வருவா. விமலா செருப்பு எது, என் செருப்பு எதுன்னுகூடத் தெரியும். வாய்தான் வரல."

"பகல்ல யார் பாத்துக்கிறாங்க?"

"ஜெராம் பக்கம் கம்பத்து வீட்டுல ஒரு அக்கா. காக் சுமின்னு. நாலு மாசத்துக் குழந்தையிலேருந்து அங்கதான். காலையில ஆறு மணிக்கு விட்டா சாயங்காலம் ஆறு மணிக்குத் தூக்குவோம். தங்கமானவங்க. தினம் சாயங்காலம், 'இன்னிக்கு நல்லாப் பேசுனா, வாயே ஓயல'ன்னு சொல்லுவாங்க. நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாங்க, பாவம்."

ஜோலீன் புத்தகத்தில் எழுதினாள். பிறகு, காது கேட்கிறதா என்று ஒரு முறை சோதிக்க வேண்டும், பேச்சுப் பயிற்சி நிபுணருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, சீக்கிரம் பார்ப்பதுதான் நல்லது என்று பொறுமையாகச் சொன்னாள். அர்ஜுனன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாதிதான் காதில் விழுந்தது. விமலாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதிலேயே அவன் நினைப்பு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் மிதுலா திடீரென்று வீறிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு, "குப்பிங் லோரோ! குப்பிங் லோரோ!" என்று கதறினாள்.

"இவளுக்கு லோரின்னா உசுரு மிஸ்ஸி," என்று அர்ஜுனன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அழுதாலே லோரோ லோரோம்பா. ஏத்தி ரெண்டு ரவுண்டு சுத்துனா அடங்கிருவா."

அறைக் கதவு திறந்திருந்தது. தடுப்பூசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஆள் நின்றார். கிளினிக் ஆம்புலன்ஸ் ஓட்டும் மிஸ்னான். நாற்பது வயது இருக்கும், குட்டையான ஆள், சபாக் பெர்ணம் பக்கத்துக்காரர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கதவோரம் நின்றபடி மிதுலாவிடம் ஏதோ கேட்டார். அது மலாய் இல்லை. அர்ஜுனனுக்கு மலாய் நன்றாகத் தெரியும், இது வேறு.

மிதுலா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். அப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி மிஸ்னானை உற்றுப் பார்த்தாள். பிறகு இடது காதில் விரலை வைத்து ஏதோ சொன்னாள். மிஸ்னான் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள், இந்த முறை இன்னும் நீளமாக. கையை ஆட்டி, அப்பாவைச் சுட்டிக்காட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு முறையீடே வைத்தாள்.

அர்ஜுனன் கைகால் அசையாமல் நின்றான். இரண்டு வருடத்தில் அவன் மகள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

"பாங்," என்று மிஸ்னான் மலாயில் அவனை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார், "உங்க மகளுக்கு இடது காது வலிக்குதாம். 'குப்பிங்'னா காது. 'லோரோ'ன்னா வலி. அப்புறம், வழியில தண்ணி கேட்டாளாம், நீங்க ரொட்டி கொடுத்தீங்களாம்."

"தண்ணியா? எப்பக் கேட்டா?"

"பாஞு. பாஞுன்னா தண்ணி. ஜாவாக்காரங்க பேச்சு. எங்க வீட்டுல பேசுறது. சுத்தமாப் பேசுறாளே, எங்க அம்மா கேட்டா உங்ககிட்டேருந்து பிடுங்கிட்டுப் போயிருவாங்க."

"ஆண்டவரே!" என்று ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியும் பயனில்லாமல் சிரித்தாள். "காக் சுமி ஜாவாக்காரங்களாண்ணே?"

"எனக்கு எப்படி மிஸ்ஸி தெரியும்? எங்ககிட்ட மலாய்தான் பேசுவாங்க. அவங்க வீட்டுக்குள்ள என்ன பேசுறாங்கன்னு நான் யோசிச்சதே இல்லையே!"

ஜோலீன் எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தாள். மிதுலா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குவளையை நீட்டி இன்னும் கேட்டாள்.

அப்புறம் பரிசோதனை முதலிலிருந்து நடந்தது. மிஸ்னானை மரியாதையாகக் கெஞ்சி உட்காரவைத்தார்கள். அறையில் மிச்சமிருந்தது குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிதான். அதில் அவர் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. ஜோலீன் அட்டையைக் காட்ட, அவர் கேட்க, மிதுலா பதில் சொன்னாள். கோழி, மீன், அரிசி, பாதம், கண் எல்லாம் வந்தன. ஜோலீன் ஒவ்வொன்றுக்கும் தாளில் கோடு கிழித்தாள்.

மிஸ்னான் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

"இருங்," என்றாள் மிதுலா.

அர்ஜுனன் முன்னால் வந்தான். "இருங்க... பொறுக்கச் சொல்றா, இல்ல?"

"மூக்கு," என்றார் மிஸ்னான். "இருங்னா மூக்கு."

ஜோலீன் புத்தகத்தைப் பிரித்துத் தமிழ் வார்த்தைகள் கணக்கில் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள். அவள் தோள் குலுங்கியது. அர்ஜுனனும் அதற்குமேல் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான். "மோ" என்றால் வேண்டாம் என்பதும் தெரியவந்தபோது, எத்தனை நாள் அந்த வாயில் சோற்றைத் திணித்தோம் என்று நினைத்து அவனுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. நாற்பத்தொன்றாவது வார்த்தையில் அட்டைகள் தீர்ந்துபோயின. மிதுலா "விஸ்" என்று சொல்லி நாற்காலியிலிருந்து இறங்கினாள். முடிந்தது என்று அர்த்தமாம். அதற்கும் ஒரு கோடு போட்டாள் ஜோலீன்.

அடுத்து டாக்டர் திலீப் வந்து காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இளவயதுக்காரர். "செவிப்பறை நல்லா செவந்து வீங்கியிருக்கு. சளி உள்ள போயிருக்கு. மருந்து எழுதுறேன், வேளை தவறாமல் முழுசாக் கொடுத்து முடிங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். காது சரியானதும் கேட்கும் திறனையும் ஒரு தடவை சோதிச்சிருவோம், சந்தேகமே வேணாம்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "இதுக்கு முன்னால இப்படிக் காது வலின்னு அழுதிருக்காளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த அர்ஜுனன் அப்படியே நின்றான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிதுலா அடங்காமல் அழுதாள். லோரோ லோரோ என்று அழுதாள். அவனும் லோரியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, வயலோரச் சாலையில் செக்கிஞ்சான் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பினான். வழியெல்லாம் கொக்குகளைக் காட்டினான், ஹாரன் அடித்துக் காட்டினான். கடைசியில் அவள் அழுது களைத்துத் தூங்கிப்போனாள். மகளுக்கு லோரி என்றால் எவ்வளவு ஆசை என்று பெருமையாக வந்து விமலாவிடம் சொன்னான்.

அதை இப்போது டாக்டரிடம் சொன்னான். "வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. நான் லோரி காட்டியிருக்கேன் டாக்டர்."

மிதுலா டாக்டரின் செருப்பைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள் ஜோலீன், "அழுத புள்ளைய அரை நாள் லோரியில வச்சு சுத்துன அப்பாவ நான் குறை சொல்லமாட்டேன். அதை இந்தப் புத்தகத்துலயும் எழுதமாட்டேன். விளங்குச்சா?"

அர்ஜுனன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே காக் சுமி வீட்டுக்கு அனுப்பக் கூடாதா மிஸ்ஸி?"

"யார் சொன்னது? அவங்க புண்ணியத்துலதான் இவ இவ்வளவு பேசுறா. ரெண்டு பாஷை, மூணு பாஷையெல்லாம் குழந்தைங்களுக்குப் பாரமே இல்ல. தமிழ் மட்டும் ஏன் வரலன்னு பாப்போம். நீங்க ரெண்டு பேரும் வீடு திரும்புன பிறகு அவகிட்ட என்ன பேசுவீங்க?"

அர்ஜுனன் யோசித்தான். விமலா குளிப்பாட்டுவாள், அவன் ஊட்டுவான். சாப்பிடு, படு, அழாதே. அப்புறம் அவன் சோபாவில் சாய்ந்து கைத்தொலைபேசியைப் பார்ப்பான், விமலா துணி மடித்துக்கொண்டே அவளுடையதைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் உடம்பு அசதி. மிதுலா வந்து காலைப் பிடித்து ஏதாவது சொல்வாள். புரியாது. கொஞ்ச நேரத்தில் அவளும் சும்மா ஆகிவிடுவாள்.

"ஒண்ணும் பேசுறதில்ல மிஸ்ஸி," என்றான். உத்தரத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்ப இன்னிக்கு ஆரம்பிங்க. சட்டை போடும்போது சட்டைன்னு சொல்லுங்க. வெங்காயம் நறுக்கும்போது பக்கத்துல உக்கார வச்சு வெங்காயத்தப் பத்திப் பேசுங்க. லோரி ஓட்டுறவங்களுக்குச் சொல்ல கதை இல்லாமலா போயிரும்?"

மருந்து வாங்கும் இடத்தில் காத்திருந்தபோது விமலாவே அழைத்தாள். தேநீர் இடைவேளை போல, பின்னால் ஒரே சத்தம்.

"ஏங்க, மிஸ்ஸி என்ன சொன்னாங்க? உண்மையைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். விமலா, பானு யாருன்னு தெரிஞ்சிபோச்சு."

"யாரு?" விமலாவின் குரல் மாறியிருந்தது.

"தண்ணி."

"என்ன தண்ணியா? காலங்காத்தாலயே போட்டுட்டீங்களா?"

எல்லாவற்றையும் அவன் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. விமலா முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். "இருங்க" வேறு கைவிட்டுப் போனதைச் சொன்னபோது, "அதுவும் போச்சா!" என்று கத்திச் சிரித்தாள். காது வலியைச் சொன்னதும் அழுதாள். பக்கத்தில் யாரோ என்னவாயிற்று என்று கேட்டிருக்கவேண்டும். "ஒண்ணும் இல்லடி, என் மக பேசுறா," என்று அவள் அழுதுகொண்டே சொன்னது அவனுக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் மூன்று பேருமாகக் காக் சுமியின் வீட்டுக்குப் போனார்கள். கூடையில் மாம்பழம் எடுத்துப் போனாள் விமலா. விஷயத்தைக் கேட்டுக் காக் சுமி சிரிக்கவில்லை, பயந்துபோனார். "நான் பிழையாச் சொல்லிக் கொடுத்துட்டேனா? வீட்டுல எல்லாரும் பேசுறதை அவளும் பிடிச்சிக்கிட்டா. அவள எடுத்துட்டுப் போயிருவீங்களா?" என்று மலாயில் கேட்டபோது அவர் கண்ணில் நீர் முட்டியது. விமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல காக். நாங்க பாடம் படிக்க வந்திருக்கோம்," என்றாள்.

அப்புறம்தான் காக் சுமி சிரித்தார். "தினமும் சொன்னேனே, நல்லாப் பேசுறா, நல்லாப் பேசுறான்னு!"

"நீங்க பெரிய மனசு பண்ணிப் பொய் சொல்றீங்கன்னு நெனச்சோம் காக்," என்றான் அர்ஜுனன். காக் சுமியின் கணவர் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் காக் சுமி சொல்லச் சொல்ல விமலா எழுதிக்கொண்டாள். பசி, தூக்கம், பயம், குளிர், இறக்கிவிடு, தூக்கிக்கொள்.

மருந்து வேலை செய்தது. ஆறு வாரத்தில் காது ஆறியது. கேட்கும் திறனிலும் குறையில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டிலும் சத்தம் கூடிவிட்டது. வேலைவிட்டு வந்தால் அர்ஜுனன் அன்று ஏற்றிய குலைகள், சேற்றில் புதைந்த டயர், மில் வாசலில் படுத்திருந்த நாய் என்று மகளிடம் ஒப்பிப்பான். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். முதலில் வந்த சொல் 'நாய்'. அடுத்தது 'டயர்'. அதற்குப் பிறகு அவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, பேச்சு மறுபரிசோதனை நாளில் விமலா எப்படியோ லீவு வாங்கிவிட்டாள். இரண்டு பேரும் பெருமையோடு மூன்றாம் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டு மூலையில் மிதுலா ஒரு மலாய்ப் பையனோடு பிளாஸ்டிக் குதிரைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பையன் விடவில்லை. அவள் இடுப்பில் கை வைத்து அவனிடம் ஜாவா பேச்சில் படபடவென்று ஏதோ சொன்னாள். பையனின் தாய்க்கு அது விளங்கிவிட்டது போல; கண் விரிய அவள் பக்கம் திரும்பினாள்.

அர்ஜுனனுக்கும் பாதி விளங்கியது. அவன் அவசரமாக எழுந்தான். அதற்குள் மிதுலா அப்பாவுக்குச் சரியாக எட்டவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி வராந்தா முழுக்கக் கேட்கும்படி தமிழிலும் சொன்னாள்.

"அப்பா! இவன் குளிக்கல! நாறுது!"

விமலா துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அர்ஜுனன் அந்தப் பெண்ணிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டான். போதாதென்று தனக்குத் தெரிந்த ஜாவா பேச்சிலும் கேட்டான். அதில் என்ன பிழை வந்ததோ, அந்தப் பெண் முதலில் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டிய ஜோலீன், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "மிதுலா அர்ஜுனன், உள்ள வாங்க," என்று கூப்பிட்டாள்.

மிதுலா குதிரையை விடவில்லை. இழுத்துக்கொண்டே உள்ளே போனாள்.